கட்டைவிரலைப் பிடித்து இழுக்க ஓர் ஆள்

கண் திறந்திருக்கும். கூரை தெரியும், கூரையில் தொங்கும் ஒட்டடை தெரியும், பக்கத்து வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுகூடக் காதில் விழும். கையை அசைக்கலாம் என்று நினைப்பேன், அசையாது. கத்தலாம் என்று நினைப்பேன். நாக்கு வேறு யாருடையதோ மாதிரி வாய்க்குள் கிடக்கும். நெஞ்சின் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்திருப்பான். முகம் தெரியாது, கனம் மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் இவனுக்கு அமுக்குவான் என்று பெயர்.

உடம்பு விழிப்பதற்கு முன்னால் மூளை மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது இது என்று இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவனிடம் போய் அவர்களே அதைச் சொல்லிப் பார்க்கட்டும். எனக்கு அவன் பழக்கமாகி ஏழெட்டு வருஷம் கழித்துத்தான், அவன் ஏறி உட்கார்ந்திருக்கும் இன்னோர் ஆளை என் கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு ரயில் டிரைவர். நான் சேரியில் பிறந்தவன், அவர் ஊரில் பிறந்தவர். அவரை நான் தொடக்கூடாது, என்னை அவர் தொடமாட்டார். அமுக்குவானை விரட்ட ஒரே வழியோ, தொடுவதுதான்.

முதல்முதலாக அவன் என்னிடம் வந்தது திண்டிவனத்தில், பட்டப்பகலில். முப்பதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது. ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் வந்து தங்கி, ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். மல்லாட்டை வந்து குவிகிற காலத்தில் விடியலில் குனிந்த முதுகு மத்தியானம் கூழ் குடிக்கத்தான் நிமிரும். அன்றைக்குக் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு மூட்டைகளின் மேலேயே மல்லாந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி கூப்பிடுவது கேட்டது. "வர்றேன்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் "வர்றேன்" என்றேன். வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூட்டையெல்லாம் என் நெஞ்சில் சரிந்துவிட்டது, செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். என் கண் திறந்திருந்தது. "பாருடா, கண்ணைத் தொறந்துக்கினே படுத்துக்கினு கீறான். கூப்ட்டா காதுல வாங்கல. திமிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு தானாகவே அது விலகியது. எழுந்து ஓடிப்போய் எவ்வளவோ சொன்னேன், அவர் நம்பவில்லை. பயத்தைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சாகக் கிடக்கிறவனைப் பார்த்துத் திமிர் என்று சொல்லிவிட்டாரே.

மண்டியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தலைமாட்டில் இரும்பு வை என்றான் ஒருவன். கால்மாட்டில் துடைப்பம் வை என்றான் இன்னொருவன். குப்புறப் படு என்றவன் சொன்னதில் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் தூங்கிய பிறகு நான் எப்படிப் படுக்கிறேன் என்பது என் கையிலா இருக்கிறது? எங்கள் அப்பா காலத்திலேயே நாங்கள் வேதத்தில் சேர்ந்தவர்கள். உபதேசியார் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அம்மா பிறந்த வீட்டில் பழைய சாமிகளை விடவில்லை. மாமா முகையூரிலிருந்து ஒரு தாயத்து வாங்கிவந்து கட்டினார். கழுத்தில் சிலுவையும் இடுப்பில் தாயத்துமாக நான் படுத்தேன். அமுக்குவான் இரண்டையும் மதிக்கவில்லை. மாதம் ஒரு முறையாவது வந்து விசாரித்துவிட்டுப் போனான்.

கலியாணமாகி ஆறாவது மாதம், யாரும் சொல்லாத மருந்து தானாகக் கிடைத்தது. என் மனைவி கோலியனூர்ப் பெண். திண்டிவனத்தில் ஒரு குடிசை பிடித்துக் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து மத்தியானம் படுத்திருந்தேன்; அவன் வந்துவிட்டான். வெயிலிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவளுக்குக் கண் இருட்டி, என் வலது கால் கட்டைவிரலை நன்றாக மிதித்துவிட்டாள். அவ்வளவுதான். உடம்பு முழுக்க உயிர் ஓடியது. "ஐயோ" என்று அலறி எழுந்து உட்கார்ந்தேன். விரல் நசுங்கிவிட்டதென்று அவள் குடத்தைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வலியால் இல்லை, சந்தோஷத்தால்.

அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தோம். கண் திறந்திருக்கும், இமை படபடவென்று துடிக்கும், மூச்சு சின்னச் சின்னதாக ஓடும்: இதுதான் அடையாளம் என்று அவள் கண்டுபிடித்தாள். மிதிக்க வேண்டியதில்லை, கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஒருநாள் அடுப்பை விட்டு எழுந்து வரச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே களி கிளறும் துடுப்பால் என் காலைக் குத்திப் பார்த்தாள். அது பலிக்கவில்லை. குத்துகிறவனும் அமுக்குவான்தான் என்று தோன்றி எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. மரம் உதவாது, இரும்பு உதவாது. மனுஷக் கை வேண்டும்.

"எல்லாருக்கும் உசுரு நெஞ்சுல கீது. உனக்கு மட்டும் கால் வெரல்ல கீது" என்று அவள் கேலி பண்ணுவாள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். விரலைப் பிடித்து இழுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் அந்த வருஷங்களில் தூங்கினேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியதும் விழுப்புரத்தில் ரயிலுக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் எனக்குக் கிடைத்தது 'கால்பாய்' வேலை, ஆளைக் கூப்பிடும் பையன் வேலை. ஒரு பெண் குழந்தைக்கு அப்பனான பிறகு நான் பாய் ஆனேன். குடும்பத்தோடு விழுப்புரத்துக்குக் குடிவந்தேன். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த ஃபயர்மேன் என்று எழுதிய நோட்டோடு போய், வண்டி புறப்பட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அவர்களை எழுப்பிவிட வேண்டும்; எழுந்ததற்கு அடையாளமாக நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். தூங்கவே பயப்படுகிறவனுக்கு, தூங்குகிறவர்களை எழுப்பும் உத்தியோகம்.

விழுப்புரம் ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். இரவெல்லாம் எஞ்சின் ஓட்டி வந்த வெளியூர்க்காரர்கள் பகலில் ரன்னிங் ரூமில் தூங்குவார்கள். நாலு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே ஒரு வேப்பமரம், ஒரு குழாய். இதுதான் ரன்னிங் ரூம்.

அதில் ஓர் அறை ஆங்கிலோ இந்திய டிரைவர்களுக்கு. அங்கே நான் கதவைத் திறந்துகொண்டு போய்த் தோளைப் பிடித்து உலுக்கலாம். எழுந்திருக்காவிட்டால் உதை என்று ஒருவர் எனக்கு உத்தரவே கொடுத்திருந்தார். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை. மற்ற அறைகளில் நடைமுறை வேறு. நான் உள்ளே போகக்கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, முதல் நாளே சமையல்காரர் சொன்னார், அதுதான் சட்டம். ஆறடி மூங்கில் கழி ஒன்று கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பிகளுக்கு நடுவே கழியை விட்டு, இரும்புக் கட்டிலின் காலைத் தட்ட வேண்டும். ஆள் எழுந்ததும் நோட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நிற்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்த பிறகு போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் நோட்டும் நனையும், நானும் நனைவேன்.

கோபம் வரவில்லையா என்றால், வந்தது. தினமும் வந்தது. அதைக் கழியில் காட்டினேன். சில பேருக்குக் கட்டில் கால் பெயர்ந்துவிடும் போலத் தட்டியிருக்கிறேன். அதற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, வேலையில் சுறுசுறுப்பு என்று பெயர்.

நான் சொல்லவந்த டிரைவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆள் வாட்டசாட்டம், பேச்சு குறைவு. தன் சொம்பு, தன் பாய், தன் தலையணை எல்லாவற்றையும் எஞ்சினிலேயே ஏற்றிக் கொண்டுவருவார். நாலடி என்றால் அவருக்கு நாலடியே வேண்டும். மூன்றடியில் நான் நின்றால் பேனாவை எடுக்காமல் காத்திருப்பார். அதே சமயம், மற்றவர்கள் என்னை "டேய்" என்று கூப்பிடும்போது அவர் மட்டும் "இந்தாப்பா" என்பார். ஒருநாளும் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. இந்த இரண்டும் ஒரே மனுஷனிடம் இருப்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

சித்திரை மாதம், பகல் இரண்டு மணி. மூன்றரைக்குப் புறப்படும் சரக்கு வண்டிக்கு அவரை எழுப்பப் போனேன். கழியால் கட்டில் காலைத் தட்டினேன். எழவில்லை. பலமாகத் தட்டினேன். "டிரைவர் ஐயா, மூணரை குட்ஸுங்க" என்று சத்தம் போட்டேன். அசைவே இல்லை. கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

செத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்த இமை தெரிந்தது. படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு சின்னச் சின்னதாக ஓடியது. கண்மணி மட்டும் மெதுவாக என் பக்கம் உருண்டு வந்து நின்றது. அவர் எங்கே இருக்கிறார் என்பது உலகத்தில் எனக்குத்தான் தெரியும். நெஞ்சில் ஏறியவன் எவ்வளவு கனம் என்பதும் எனக்குத் தெரியும்.

சமையல்காரரைத் தேடி ஓடினேன். காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். இவருடைய ஃபயர்மேன் எஞ்சினில் நெருப்பு போட முன்னாலேயே ஷெட்டுக்குப் போய்விட்டான். மற்ற அறைகள் காலி. திரும்பி ஜன்னலுக்கு வந்து கழியால் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணில் பயம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எனக்குத் துடுப்பு ஞாபகம் வந்தது. என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

தானாகவே விலகும், காத்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிஷம் உள்ளே இருக்கிறவனுக்கு எவ்வளவு நீளம் என்று தெரிந்த பிறகு எப்படிக் காத்திருப்பது? உள்ளே போனால் என் வேலை போகும். வேலை போனால் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் மண்டிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் நினைத்தேன். மேஸ்திரி குனிந்து பார்த்துத் திமிர் என்று சொன்ன முகமும் ஞாபகம் வந்தது. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

மூன்று வருஷத்தில் அந்த அறைக்குள் அதுதான் என் முதல் அடி. நேரே போய் அவர் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன்.

தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. "அப்பா, அப்பா" என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் விரல் இன்னும் என் கையில் இருந்தது. நான் விட்டுவிட்டு, நிலைப்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த நோட்டை நேராக வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவசரத்தில் அவருக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது. சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கையைக் கழுவினார். காலில் மூன்று சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எரிந்தது. உன் உயிரைப் பிடித்து இழுத்துக் கொடுத்தவன்டா நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அமுக்குவான் இல்லாமலேயே நாக்கு எழவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "எத்தினி சொம்பு ஊத்திக்கினாரு?"

"மூணு."

"தலைக்கா?"

"காலுக்கு."

"அப்ப கால் மட்டுந்தான் தீட்டா? மேல இருக்கிற ஒடம்பு ஒட்டிக்கினு இல்லியா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "வேலை போயிட்டா இன்னா பண்றது?" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புகார் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வண்டி வந்தது. பகலில் எழுப்பப் போனபோது, முன்னாலேயே எழுந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"அன்னிக்கு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார்.

"எனக்கும் வருங்க."

"உனக்குமா?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து வருது. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"பேரு கேட்டிருக்கேங்க. இன்னொரு ஆளுக்கு வந்து நானும் பாத்ததில்லீங்க."

அவர் குரலை இறக்கினார். "டாக்டரு காதுல விழுந்தா வலிப்புன்னு எழுதிடுவாரு. அப்புறம் எஞ்சின்ல ஏற வுடமாட்டாங்க. வூட்ல பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்ல."

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க."

"நீ உள்ள வந்தது..."

"அதையும் சொல்லமாட்டேங்க. சொன்னா எனக்குத்தாங்க பேஜாரு."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலடி நாலடியாகவே இருந்தது, ஆனால் இருவர் நெஞ்சிலும் ஏறுகிறவன் ஒருவனே என்று தெரிந்த பிறகு அந்த மனுஷனிடம் முன்போலக் கோபப்பட எனக்கு வரவில்லை. கட்டில் காலை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது அறையில் ஒரு மாறுதல் இருந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார். கால் ஜன்னல் பக்கம், கம்பியை ஒட்டி. வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டால் கட்டைவிரல் எட்டும். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் உள்ளே வரவும் கூடாது, அவரை விட்டுவிடவும் கூடாது. ராத்திரியெல்லாம் எஞ்சின் ஓட்டிக்கொண்டு அவர் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

அதில் ஒரு சிக்கல். ஜன்னல் தெற்குப் பக்கம். கால் தெற்கே என்றால் தலை வடக்கே. வடக்கே தலை வைத்து எங்களிலும் யாரும் படுக்கமாட்டார்கள், அவர்களிலும் படுக்கமாட்டார்கள். சமையல்காரர் பதறிப்போனார்.

"இன்னாங்க இது, வடக்க தலை வெச்சிக்கினு? ஆவுமா?"

"இந்தப் பக்கந்தான் காத்து வருது" என்றார் டிரைவர்.

சித்திரை வெயிலில் தெற்கு ஜன்னலில் என்ன காற்று வரும் என்பது எனக்குத் தெரியும். அனல்தான் வரும். தொடக்கூடாது என்பதைக் காப்பாற்றிக்கொள்ள வடக்கே தலை வைக்கக்கூடாது என்பதை விட்டுவிட்டார். கேலி பண்ணத் தோன்றியது, பண்ணவில்லை. எவ்வளவு பயந்திருந்தால் அப்படிப் படுப்பார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஐந்து முறை கம்பி வழியாகக் கைவிட்டு அவரை இழுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டிலின் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் தயாராக இருக்கும். முதல் இரண்டு முறை என் கண் முன்னாலேயே எழுந்து காலில் ஊற்றிக்கொண்டார். மூன்றாவது முறை நான் நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால்தான் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, மறைவாகச் செய்தாலும் அவமானம் அவமானம்தான் என்று எடுத்துக்கொள்வதா? நான் இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன். அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வெட்கப்படுகிற மனுஷனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், அது என் பலவீனம்.

சண்டை முடிந்த சமயம். என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குக் கோலியனூருக்குப் போயிருந்தாள். வீட்டில் விரலை இழுக்க ஆளில்லை. அந்தப் பயத்திலேயே நான் சரியாகத் தூங்காமல் நாலு நாள் ஓட்டினேன். கண் எரிந்தது, கையெழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஐந்தாம் நாள் மத்தியானம் வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ரன்னிங் ரூம் வேப்பமரத்தடியில் கழியைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தேன்.

வந்துவிட்டான். நாலு நாள் பாக்கியையும் சேர்த்து வந்தவன் போல உட்கார்ந்தான். வேப்பங்கிளை தெரிந்தது. கிளையில் ஒரு காக்கை மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. மூச்சு மட்டும் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தவள் கோலியனூரில் இருக்கிறாள்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அந்த டிரைவர் வந்தார். அப்போதுதான் எஞ்சினை விட்டு இறங்கியிருந்தார். முகம், கை, சட்டை எல்லாம் கரி. சொம்பும் பாயும் கக்கத்தில். என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் போகும்? என் கண்மணி அவர் பக்கம் உருண்டதையும் பார்த்தார்.

"இந்தாப்பா" என்றார். "இந்தாப்பா, எழுந்திரு."

பாயைக் கீழே வைத்துவிட்டு என் மூங்கில் கழியை எடுத்து என் தோளில் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார். எனக்கு அது அமுக்குவானின் கோலாகத்தான் பட்டது, உள்ளுக்குள் அலறினேன். கழியைப் போட்டுவிட்டார். சுற்றிலும் பார்த்தார். தேங்காய் துருவும் சத்தம் நின்றது. சமையல்காரர் வாசல்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க பார்த்துக்கினு நிக்கிறீங்க? தூங்கறான், வுடுங்க. திமிரு பிடிச்சவன், கண்ணைத் தொறந்துக்கினே தூங்குவான்" என்றார் சமையல்காரர்.

"தூங்கல" என்றார் டிரைவர்.

அப்புறமும் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். அவர் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று நான் யோசித்ததையெல்லாம் அவரும் யோசிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். நானாவது யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே போனேன். இவரைச் சமையல்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் விஷயம் ஷெட் முழுக்கப் பரவும், அவர் ஊருக்கும் ரயிலேறிப் போகும். தானாகவே விலகும், போய்விடுங்கள் என்று, நாக்கு எழுந்தால் அவரிடம் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. போய்விடாதீர்கள் என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் நிஜம்.

டிரைவர் சொம்பைக் கீழே வைத்தார். என் கால்மாட்டுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். என் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்.

எஞ்சின் பிடியைப் பிடித்துப் பழகிய கை. தேவைக்கு மேலேயே பலமாக இழுத்தார். நான் மூச்சை வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். காக்கை பறந்துபோனது. சமையல்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"போயிடுச்சா?" என்றார் டிரைவர். விரலை இன்னும் விடவில்லை.

"போயிடுச்சுங்க" என்றேன். அழுகை வந்தது, நான் அடக்கவில்லை.

அவர் எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் நடந்தார். நான் வேப்பமரத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எஞ்சினிலிருந்து இறங்கியவன் எவனும் கை கழுவத்தான் செய்வான். அவர் கரியைக் கழுவினாரா, என்னைக் கழுவினாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்காக அவர் முன்பு காத்திருந்தார் அல்லவா, நான் திரும்பும்வரை? அன்றைக்கு அவருக்காக நான் திரும்பிக்கொண்டேன்.

குனிந்து காலைப் பார்த்தேன். கட்டைவிரலைச் சுற்றி அவர் விரல்களின் கரி அப்படியே பதிந்திருந்தது. சாயங்காலம் வீட்டு வாசலில், காலையில் நானே நிரப்பிவைத்த தொட்டித் தண்ணீர் எப்போதும் போல இருந்தது. நான் கால் கழுவாமல் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.